ஆக்சிஜன் சென்சாரின் கோடு ஏன் வளைகிறது? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

ஒளிர்வு தணிவதை வைத்து ஆக்சிஜன் அளக்கும் சென்சார் பார்வைக்கு மிக எளிமையானது. ஒரு பாலிமர் படலம், அதற்குள் கொஞ்சம் சாயம், மேலே ஒரு நீல எல்இடி, சிவப்பு ஒளியைப் பிடிக்க ஒரு டிடெக்டர். ஆக்சிஜன் கூடினால் சிவப்பு மங்கும். குறைந்தால் பளிச்சென்று எரியும். இவ்வளவுதானே என்று தோன்றும். அளவீட்டைக் கோடாகப் போட்டுப் பார்க்கும் நாளில்தான் தொல்லை தொடங்கும்.

முதலில் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீல ஒளியை வாங்கிய சாய மூலக்கூறு கிளர்ச்சி நிலைக்குப் போய், அங்கே சற்று நேரம் தங்குகிறது. ரூத்தீனியத்தின் டைஃபினைல் ஃபினாந்த்ரோலின் சேர்மம் ஏறக்குறைய 6 மைக்ரோசெகண்ட் தங்கும். ஃபுளோரின் ஏற்றிய பிளாட்டினம் போர்ஃபிரின் சுமார் 60 மைக்ரோசெகண்ட். பல்லேடியம் போர்ஃபிரின் ஒரு மில்லிசெகண்டைத் தொடும். அந்த நேரத்துக்குள் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால், ஆற்றலை அது வாங்கிக்கொள்ளும். சாயம் ஒளிராமலே தரைநிலைக்கு இறங்கிவிடும். அதிக நேரம் காத்திருக்கும் சாயத்துக்கு மோதல் வாய்ப்பு அதிகம். அதனால்தான் மிகக் குறைந்த ஆக்சிஜனைத் தேடுபவர்கள் பல்லேடியத்தை எடுக்கிறார்கள்.

ஓட்டோ ஸ்டெர்னும் மாக்ஸ் ஃபோல்மரும் 1919இல் இதற்கு எழுதிய சமன்பாடு ஒரே வரி:

ஒ₀ ÷ ஒ = 1 + மா × அ

ஒ₀ என்பது ஆக்சிஜன் இல்லாதபோது வரும் ஒளி, ஒ என்பது இருக்கும்போது வரும் ஒளி, அ ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (வாயுக் கலவையில் ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தம்), மா ஒரு மாறிலி. ஒளிச் செறிவுக்குப் (இனிச் சுருக்கமாகச் செறிவு) பதில் ஒளிர்வு ஆயுளை, அதாவது சாயம் கிளர்ச்சி நிலையில் தங்கும் சராசரி நேரத்தை, போட்டாலும் இதே சமன்பாடுதான். வரைந்தால் நேர்கோடு வரவேண்டும்.

இந்த நேர்கோட்டுக்குப் பின்னால் யாரும் சத்தமாகச் சொல்லாத இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன. ஒன்று, எல்லாச் சாய மூலக்கூறும் ஒரே மாதிரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு, டிடெக்டருக்குள் போகும் ஒளி முழுவதும் சாயத்திலிருந்தே வருகிறது. கோடு வளைந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று பொய்த்திருக்கும். எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது முதல் அனுமானத்தை. என் அனுபவத்தில் பாதி நேரம் குற்றவாளி இரண்டாவதுதான்.

தேடலைத் தொடங்குமுன் மூன்று பொருள்கள் கையில் இருக்கட்டும்: சாயம் சேர்க்காமல் அதே முறையில் செய்த வெறும் படலம் ஒன்று, உலோகக் குழாய் வழியாக வரும் சுத்தமான நைட்ரஜன், படலத்தை ஒட்டி வைத்த வெப்பநிலை உணரி. வெறும் படலம் செய்ய அரை மணி நேரம் ஆகும் என்று பலர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள்.

அறிகுறி: ஒளிச் செறிவின் கோடு கீழ்நோக்கி வளைகிறது

மிகவும் அடிக்கடி வரும் புகார் இது. குறைந்த ஆக்சிஜனில் நன்றாக ஏறும் கோடு, போகப்போகச் சோம்பேறியாகிப் படுத்துவிடும்.

பாடநூல் சொல்லும் காரணம்: பொருள் சீராக இல்லை. சில சாய மூலக்கூறுகள் ஆக்சிஜன் எளிதில் புகும் இடத்தில் இருக்கின்றன. சில எங்கோ இறுக்கமான மூலையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆக்சிஜன் கூடும்போது முதல் கூட்டம் அணைந்துவிடும், இரண்டாம் கூட்டம் எரிந்துகொண்டே இருக்கும். மிச்சமிருக்கும் ஒளி பெரும்பாலும் அந்தப் பிடிவாதக்காரர்களுடையது. எனவே மேலும் ஆக்சிஜன் சேர்த்தாலும் பெரிதாக மாற்றம் தெரியாது.

உண்மைதான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். படலம் முற்றிலும் சீரானது என்றே வைத்துக்கொள்வோம். நைட்ரஜனில் 1000 அலகு ஒளி, மாறிலி கிலோபாஸ்கலுக்கு 0.2. விகிதம் 5 கிலோபாஸ்கலில் 2, 10இல் 3, 21இல் 5.2, தூய ஆக்சிஜனில், அதாவது 100 கிலோபாஸ்கலில், 21 என வரவேண்டும். இப்போது நீல எல்இடியின் ஒளி ஃபில்டரைத் தாண்டிக் கசிந்து 50 அலகு சேர்கிறது. வெறும் 5 சதவீதம். விகிதம் முறையே 1.91, 2.74, 4.33, 10.76 ஆகிவிடும். காற்று அளவுவரை ஏதோ கொஞ்சம் வளைந்தது போலத் தெரியும். தூய ஆக்சிஜனில் விகிதம் பாதியாகிவிட்டது. நைட்ரஜனில் கண்ணுக்கே தெரியாத 50 அலகு, ஒளி 48 அலகாகச் சுருங்கிய இடத்தில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதில் விஷமம் என்னவென்றால், அணையாத பின்னணி ஒளியும் ஆக்சிஜன் எட்டாத சாயமும் கணக்கில் ஒன்றே. செறிவை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. எந்த மென்பொருளும் பிரித்துத் தராது.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு படலத்தின் வளைவுக்கு, சாயம் இரண்டு வகை இடங்களில் இருப்பதாகக் கொள்ளும் இரண்டு தள மாதிரியைப் பொருத்தினேன், அழகாக உட்கார்ந்தது. 6 சதவீதச் சாயம் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி, அது படிக மண்டலமா, சாயக் கட்டியா என்று இரண்டு வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் சோம்பலோடு வெறும் படலத்தை வைத்துப் பார்த்தால், டிடெக்டர் கிட்டத்தட்ட அதே 6 சதவீத ஒளியைக் காட்டியது. நீல எல்இடிக்கு நீல ஒளி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதற்குச் சிவப்புப் பக்கம் நீண்ட வால் ஒன்று உண்டு. எல்இடியின் முன்னால் ஒரு நீல ஃபில்டரை வைத்ததும் என்னுடைய "ஆக்சிஜன் எட்டாத தளம்" காணாமல் போயிற்று.

எனவே வரிசை இதுதான். வெறும் படலத்தை வைத்து அளந்து, அந்த எண்ணைக் கழியுங்கள். எல்இடியின் வாலை வெட்டுங்கள். டிடெக்டர் முன்னால் இருக்கும் ஃபில்டரும் தானே லேசாக ஒளிரலாம். நீல ஒளி அதன்மேல் நேராக விழாதபடி சாய்த்துப் பாருங்கள். இதெல்லாம் முடிந்தும் கோடு வளைந்தால், சரி, இப்போது பொருளைக் குறை சொல்லலாம்.

பின்னணி சுத்தம், ஆனாலும் வளைகிறது

இப்போது படலத்தை நுண்ணோக்கியின் கீழ் நீல ஒளியில் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் சாயம் கரையாமல் கட்டிதட்டியிருக்கிறது. ரூத்தீனியச் சேர்மம் மின்னூட்டம் உள்ள அயனி. சிலிகோன் ரப்பரோ எண்ணெய்த்தன்மை உள்ளது. தண்ணீரும் எண்ணெயும் போல இரண்டும் சேராது. அதோடு இணைந்து வரும் குளோரைடு போன்ற சிறிய எதிரயனியை (எதிர் மின்னூட்டம் உள்ள அயனியை) எடுத்துவிட்டுப் பெரிய, கொழுப்பில் கரையும் எதிரயனியைப் போட்டால் ஓரளவு சேரும். அல்லது மின்னூட்டமே இல்லாத பிளாட்டினம் போர்ஃபிரினுக்கு மாறிவிடுங்கள். பாலிஸ்டைரீனில் அது நன்றாகக் கரைந்து, கோட்டை ஏறக்குறைய நேராகவே வைக்கும்.

புள்ளி தெரியாவிட்டாலும் ஒரு சோதனை உண்டு. சாயத்தின் அளவைப் பாதியாக்கி இன்னொரு படலம் செய்யுங்கள். வளைவு குறைந்தால் சாயங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். மாறவே இல்லை என்றால் பாலிமரே சீரற்றது.

சாயத்தைச் சிலிக்கா துகளில் ஒட்டவைத்துச் சிலிகோனில் கலப்பவர்கள் இந்த இரண்டாம் வகைக்குத் தயாராக இருக்க வேண்டும். துகளின் வெளிப்பரப்பில் ஒரு சாயம், குறுகிய நுண்துளைக்குள் ஒரு சாயம், சிலிகோன் மூடாமல் விட்ட இடுக்கில் ஒரு சாயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆக்சிஜன் வேறு வேகத்தில் வரும். வேடிக்கை என்னவென்றால், இந்தத் துறையே இப்படிப்பட்ட பொருளில்தான் தொடங்கியது. ஹான்ஸ் கவுட்ஸ்கி 1930களில் ஆக்சிஜன் ஒளிர்வை அணைப்பதைக் காட்டியது, சிலிக்கா ஜெல்லில் ஒட்டவைத்த சாயங்களில்தான்.

சீரற்ற பொருளுக்கு டீமாஸ், டிகிராஃப் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் பரவலாக்கிய இரண்டு தள மாதிரியைத்தான் எல்லாரும் பொருத்துகிறார்கள். ஒரு பங்குச் சாயத்துக்கு ஒரு மாறிலி, மிச்சப் பங்குக்கு வேறொரு மாறிலி. அளவீட்டுக்கு அருமையான கருவி, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது பொருந்துவதாலேயே படலத்துக்குள் இரண்டே வகை இடங்கள் இருக்கின்றன என்று முடிவுகட்டாதீர்கள். மூன்று எண்களை இழுத்துப் பிடித்தால் மெல்ல வளையும் எந்தக் கோடும் பொருந்தும். நிஜத்தில் இருப்பது பெரும்பாலும் நூறு வகை இடங்களின் பரவல்.

அறிகுறி: செறிவு ஒன்று சொல்கிறது, ஆயுள் வேறொன்று சொல்கிறது

ஆயுளை நேரடியாக அளக்காமல், விளக்கைத் துடிக்கவிட்டு ஒளிர்வு எவ்வளவு பிந்துகிறது என்று கட்டக்கோணத்தால் கண்டுபிடிக்கும் கருவிகளே அதிகம். கோணத்தின் டேன்ஜென்ட், 2 × பை × அதிர்வெண் × ஆயுள். 5 மைக்ரோசெகண்ட் ஆயுளுக்கு 32 கிலோஹெர்ட்ஸில் சுமார் 45 பாகை வரும். படலம் வெளுத்தாலும் விளக்கு மங்கினாலும் கோணம் மாறாது என்பது இதன் பெருமை.

பெருமையில் ஓர் ஓட்டை உண்டு. கசியும் விளக்கு ஒளிக்குப் பிந்துதலே கிடையாது. பூஜ்ய கோணத்தில் வந்து கலந்து மொத்தக் கோணத்தையும் இழுத்துவிடும். மேலே சொன்ன 45 பாகையில், நைட்ரஜனில் வரும் சாய ஒளியில் 10 சதவீதத்துக்குச் சமமான கசிவு சேர்ந்தால் கருவி 39.8 பாகை காட்டும். ஆயுள் 5க்குப் பதில் 4.17 என்று வரும். ஆக்சிஜன் கூடக்கூடச் சாய ஒளி குறையும், கசிவு குறையாது. உண்மை ஆயுள் 1.25 ஆகும்போது கருவி 0.88 என்கும். விகிதம் 4 வரவேண்டிய இடத்தில் 4.75 வந்து நிற்கும். அதாவது ஆயுளின் கோடு மேல்நோக்கி வளையும்.

இங்கேதான் உண்மையான பிரித்தறியும் சோதனை இருக்கிறது. ஒரே கசிவு, செறிவின் கோட்டைக் கீழேயும் கட்டத்தால் அளந்த ஆயுளின் கோட்டை மேலேயும் வளைக்கிறது. ஆக்சிஜன் எட்டாத சாயமோ நீண்ட ஆயுளோடு எரிந்துகொண்டே இருப்பதால், இரண்டு கோடுகளையும் கீழேயே இழுக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் போதும்: எதிரெதிர் திசை என்றால் ஒளியியலைத் திறந்து பாருங்கள், ஒரே திசையில் கீழே என்றால் படலத்தைப் பாருங்கள். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் வீணாக்கிய படலங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

துடிப்பு விளக்கில் சிதைவை, அதாவது ஒளி தணிந்துபோகும் வளைவை, நேரடியாகப் பதிவுசெய்பவர்களுக்கு வேறொரு பொறி. சீரற்ற படலத்தில் சிதைவு ஒரே அடுக்குக்குறியாக வராது. சராசரி எடுக்க வேண்டும். எந்தச் சராசரி? 50, 10 மைக்ரோசெகண்ட் என இரண்டு கூறுகள் சம வீச்சில் இருந்தால், வீச்சால் (ஒவ்வொரு கூறும் தொடக்கத்தில் தரும் ஒளியால்) எடையிட்ட சராசரி 30. செறிவால் (ஒவ்வொரு கூறும் மொத்தமாகத் தரும் ஒளியால்) எடையிட்டது 43.3. செறிவு விகிதத்தோடு ஒப்பிட வீச்சுச் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். பல மென்பொருள்கள் மற்றதைக் காட்டிவிட்டு அமைதியாக இருக்கும். நேரடியாகப் பதிவுசெய்து எடுத்த ஆயுள் செறிவோடு ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் இதைப் பாருங்கள்.

செறிவு குறைகிறது, ஆயுள் அசையவே இல்லை என்றால்? பாடநூல் அதை நிலைத் தணிப்பு என்னும்; சாயமும் தணிப்பியும் (ஒளிர்வை அணைக்கும் பொருள், இங்கே ஆக்சிஜன்) முன்கூட்டியே இணைந்துவிட்டன என்று பொருள். ஆக்சிஜன் படலங்களில் அது அபூர்வம். திரும்ப நைட்ரஜனை ஓட்டுங்கள். ஒளி பழைய அளவுக்கு வரவில்லை என்றால் சாயம் வெளுத்திருக்கிறது, அல்லது படலம் இடம் நகர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அறிகுறி: செறிவின் கோடே மேல்நோக்கி வளைகிறது

பெரும்பாலும் இருட்டளவை (ஒளியே இல்லாதபோதும் டிடெக்டர் காட்டும் எண்ணை) அதிகமாகக் கழித்ததன் விளைவு. முந்தைய கணக்கில் 10 அலகு கூடுதலாகக் கழித்தால், தூய ஆக்சிஜனில் 21 வரவேண்டியது 26 ஆகிவிடும். வெறும் படலத்தின் அளவைக் கழித்துவிட்டு, டிடெக்டரின் இருட்டளவையும் தனியாக ஒருமுறை கழிப்பது வழக்கமான தவறு.

அறிகுறி: நைட்ரஜனில் பூஜ்யம் வரவில்லை

சாயத்தையோ மின்னணுவையோ தொடுவதற்கு முன் குழாயைப் பாருங்கள். சிலிகோன் ரப்பர் ஆக்சிஜனை அள்ளி விடுவதால்தான் அதில் சென்சார் செய்கிறோம். அதே ரப்பரில் நைட்ரஜன் குழாயையும் போட்டால் காற்று சுவர் வழியாகவே உள்ளே வரும். சோதனை எளிது: ஓட்டத்தை இருமடங்காக்குங்கள். அளவு கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. அசையாவிட்டால் கோளாறு வேறெங்கோ. மைக்ரோசெகண்ட் சாயம் கண்டுகொள்ளாத கசிவை மில்லிசெகண்ட் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். சாயத்தை மாற்றியதும் பூஜ்யம் கெட்டுவிட்டது என்று திகைப்பவர்களுக்கு இது.

நீரில் பூஜ்யம் வைக்கச் சோடியம் சல்ஃபைட் கரைசல் போதும். தூண்டியாகச் சிட்டிகை கோபால்ட் உப்பு சேர்த்தால் வேகமாக ஆக்சிஜனைத் தின்னும். அன்றன்று புதிதாகக் கலக்குங்கள். திறந்து வைத்த பழைய கரைசல் காற்றை வாங்கிச் சல்ஃபேட்டாக மாறியிருக்கும்.

அறிகுறி: மெதுவாக இருக்கிறது

ஊடுருவ ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். படலத்தை இருமடங்கு தடிமனாக்கினால் நான்கு மடங்கு காத்திருக்க வேண்டும். 10 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் சில விநாடிகள் எடுக்கும். அதே தடிமன் சிலிகோன் விநாடியில் ஒரு சிறு பகுதியில் முடித்துவிடும். வெளி ஒளியை மறைக்க மேலே பூசும் கரிக் கறுப்புப் பூச்சின் தடிமனையும் கூட்டிக்கொள்ளுங்கள். பலர் மறந்துவிடுவது அதைத்தான்.

நைட்ரஜனிலிருந்து காற்றுக்குச் சட்டென்று போகிறது, திரும்பி வரும்போது இழுக்கிறது என்றால் அது கோளாறே அல்ல. முதலில் நுழையும் கொஞ்சம் ஆக்சிஜனே ஒளியைப் பெருமளவு அணைத்துவிடும். வெளியேறும்போது கடைசித் துளி போகும்வரை ஒளி முழுசாகத் திரும்பாது. சமன்பாட்டின் வடிவமே அப்படி.

அறிகுறி: நாள்போக்கில் அளவு நகர்கிறது

விளக்கு எரியும் நேரத்தைப் பாதியாக்குங்கள். நகர்வும் பாதியானால் ஒளியால் சாயம் வெளுக்கிறது. அப்படியே தொடர்ந்தால் படலம் மூப்படைகிறது, அல்லது சாயம் நீரில் கரைந்து வெளியேறுகிறது. படலம் மூழ்கியிருந்த நீரை நீல ஒளியில் பார்த்தால் பின்னது தெரிந்துவிடும். கரைசலிலிருந்து உறையவைத்துச் செய்யும் சோல்-ஜெல் சிலிக்காவில் வலைப்பின்னல் வாரக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். அளவுதிருத்தம் செய்வதற்கு முன்பே அதை நன்றாக ஆறவிட வேண்டும்.

ஆயுளை அளப்பவர்களும் நிம்மதியாகிவிட முடியாது. சாயத்திடம் ஆற்றலை வாங்கிய ஆக்சிஜன் ஒற்றை நிலைக்குப் போகிறது. பக்கத்தில் இருப்பதைத் தாக்கும் குணம் அதற்கு உண்டு. ஆக்சிஜன் எளிதில் எட்டும் இடத்துச் சாயமே இதை அதிகம் உண்டாக்குகிறது. எனவே நன்றாக அணையும் சாயம் முதலில் அழிந்து, பிடிவாதக்காரர்கள் மிஞ்சலாம். அப்போது சராசரி ஆயுள் நீண்டு, ஆக்சிஜன் குறைந்ததுபோலக் காட்டும். சீரான படலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: அளவு வெப்பநிலையைப் பின்தொடர்கிறது

பின்தொடரத்தான் செய்யும். வெப்பம் ஏறினால் சாயத்தின் சொந்த ஆயுள் குறையும். ஆக்சிஜனின் நகர்வு வேகம் கூடும். படலத்தில் அது கரையும் அளவும் மாறும். சீரற்ற படலத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் இந்த மாற்றம் வேறு அளவில் இருக்கலாம் என்பதால், ஒரே திருத்தக் குணகத்தால் பெருக்கி முடிக்கும் வித்தை எடுபடாது. குறைந்தது மூன்று வெப்பநிலைகளில் முழு வளைவையும் எடுங்கள். வெப்பநிலை உணரி தொட்டியின் மறுமூலையில் இருந்தால் பயனில்லை; எல்இடியே படலத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: அழுத்தம் சரி, லிட்டருக்கு மில்லிகிராம் தவறு

சென்சார் பார்ப்பது பகுதி அழுத்தத்தை. கரைந்த அளவை அல்ல. 25 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீரில் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம் ஆக்சிஜன். 35 உப்புத்தன்மை (கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு) கொண்ட கடல்நீரில் சுமார் 6.75 மட்டுமே. சென்சாருக்கு இரண்டும் ஒன்று. இரண்டிலும் ஏறக்குறைய 20.6 கிலோபாஸ்கல். உப்பின் அளவைக் கருவிக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். காற்றழுத்தமும் அப்படியே: உயரமான இடத்தில் "100 சதவீதம்" என்று வைத்தது கடல்மட்டத்தின் 100 சதவீதம் அல்ல. அந்த 20.6இலும் ஒரு நுணுக்கம்: உலர்ந்த காற்றில் 21.2 இருக்கும், 25 டிகிரியில் நீராவி 3.17 கிலோபாஸ்கலை எடுத்துக்கொள்வதால் குறைகிறது. உலர் காற்றில் அளவுதிருத்தம் செய்துவிட்டு ஈரக் காற்றில் அளந்தால் 3 சதவீதம் போய்விடும்.

அறிகுறி: திடீர்த் தாவல்

படலத்தில் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குமிழிக்குள் இருக்கும் காற்றைத்தான் சென்சார் அளந்துகொண்டிருக்கும். அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். அப்புறம், யாராவது படலத்தை அசிட்டோனால் துடைத்தார்களா என்று விசாரியுங்கள். பாலிஸ்டைரீன் அதில் இளகிச் சிதைந்துவிடும். டொலுவீனிலும் குளோரோஃபார்மிலும் சிலிகோன் உப்பிவிடும். துடைத்தது உறுதியானால் எந்தச் சோதனையும் வேண்டாம். படலத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்யுங்கள்.